நாலாம் பீப்பாயில் வினிகர்

கொலை நடந்த வீட்டில்கூட வந்தவர்களுக்கு ஒரு காபி போட்டுக் கொடுக்க யாராவது இருப்பார்கள். திசோரான் வீட்டில் அன்று காலை அதற்கும் ஆள் இல்லை. மகள் பிளாந்தின் முற்றத்தில் வேனுக்குள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருமகன் கியேம் ஒரு மெத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வீட்டுப் பெரியவர் ஆன்செல்ம் திசோரான் வாசற்படியில் நின்று, இரண்டு பேரையும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதாம், நாம துப்பறிய வந்தோமா, வீடு காலி பண்ணக் கூலிக்கு வந்தோமா?" என்றான் ஃபிர்மேன், காரிலிருந்து இறங்கியபடி.

"பையை எடு. வாயைக் காரிலேயே வச்சிட்டு வா."

மதாம் ஒதில் பெர்ராஷோன் திஜோனில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். வயது ஐம்பத்திரண்டு. அதற்கு முன்பு இருபது வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தன் வைக்கோல் கொட்டகைக்குத் தானே தீ வைத்துவிட்டு அழும் ஆட்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் வந்தால் பூந்தூள் காற்றில் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் கையில் ஒரு கைக்குட்டையும் பக்கத்தில் உதவியாளன் ஃபிர்மேனும் கட்டாயம் வேண்டும்.

ஃபிர்மேனின் அப்பா காட்டில் நாயோடு அலைந்து மண்ணுக்கடியில் விளையும் காளான் தேடி விற்றவர். வீட்டில் நாய்க்கு அடுத்த மூக்கு என் பையனுடையதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். நாய் செத்த பிறகும் மகனுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ஆன்செல்ம் இருவரையும் முன்னறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். காலை பத்து மணி. ஒரு பாட்டிலைத் திறந்து மூன்று கிளாஸில் ஊற்றினார். நிறம் வெளுத்த தங்கம். வீட்டுச் சொந்தத் தோட்டமான குரோஷெத்தில் விளைந்த வெள்ளை ஒயின், பத்து வருஷம் நிலவறையில் தூங்கியது. சாதாரணமாக இந்தப் பாட்டிலைத் திறக்க அந்த வீட்டில் கல்யாணமாவது நடக்க வேண்டும்.

"முதல்ல குடிங்க. அப்புறம் பேசலாம்."

ஃபிர்மேன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான். கொண்டுபோன வேகத்திலேயே திருப்பிக் கொண்டுவந்தான். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. அதன்மேல் ஒரு பழைய தரைத்துணி. தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்துவிட்டது. ஆயிரத்தில் சில பாட்டில் அப்படி ஆகும், அது யார் குற்றமும் இல்லை. ஆனால் அதை மோந்து பார்த்த பிறகும் விருந்தாளிக்கு ஊற்றுவது, அந்த ஊரில், வந்தவனை வாசலில் வைத்து அறைவதற்குச் சமம்.

அவன் மதாமைப் பார்த்தான். மதாம் மூக்கைச் சிந்திக் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடினாள்.

"ஆஹா. அக்கேசியாப் பூ வாசனை."

"அதேதான்!" ஆன்செல்முக்கு முகம் மலர்ந்தது. "அக்கேசியாவேதான். திஜோன்ல இருந்துக்கிட்டு இப்படி ஒரு மூக்கா!" தன் கிளாஸை ஒரே மடக்கில் முடித்து இன்னொன்று ஊற்றிக்கொண்டார்.

மூக்கடைப்பு வந்தால் ஒரு மனுஷி இவ்வளவு கீழே இறங்கிவிடுவாளா என்று ஃபிர்மேனுக்குப் பாவமாக இருந்தது. கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் தன் கிளாஸை ஜெரேனியம் தொட்டியில் கவிழ்த்தான். ஜெரேனியம் மறுப்பு ஏதும் சொல்லவில்லை.

"இப்ப சொல்லுங்க, முசியே" என்றாள் ஒதில்.

"குரோஷெத்துல வருஷத்துக்கு ஆறே ஆறு பீப்பாதான் வரும். அதுல அஞ்சை என் மருமகன், அந்தப் போர்தோக்காரன், பாத்துக்கறான். நாலாவது பீப்பா என்னோடது. வீட்டுப் பெரியவன் கையைத் தவிர வேற கை அதுல படாது, என் தாத்தா காலத்து வழக்கம். போன சனிக்கிழமை நானே போய் நிரப்பிட்டு வந்தேன். நல்லா இருந்துச்சு. புதன்கிழமை என் மக முன்னாடி தக்கையைத் தொறக்கிறேன். வினிகர்! முன்னூறு பாட்டில் ஒயின், மதாம். இப்ப அதுல ஊறுகாய்தான் போடணும்."

"வினிகர்னு முதல்ல சொன்னது யாரு?"

"பிளாந்தின்தான். நானும் மோந்து பாத்து, ஆமாம்னேன்."

"நிலவறைச் சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு அவன்கிட்ட."

"உங்க மருமகன் எதுக்காக அப்படிச் செய்யணும்?"

"அவன் போர்தோக்காரன், மதாம். ஒயின்ல நம்ம போட்டி ஊரு."

"அது ஊரு. நான் காரணம் கேட்டேன்."

"அதான் காரணம்."

ஃபிர்மேன் நோட்டில் எழுதினான்: காரணம், ஊர்.

"போலீஸ்கிட்ட போகலையா?" என்று கேட்டான்.

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கொலைன்னா போலீஸைக் கூப்பிடலாம் தம்பி. திசோரான் வீட்டுல வினிகர்னா அதை வெளிய சொல்ல முடியுமா?"

அதில் நியாயம் இருந்தது. மெர்சினி கிராமத்தில் நவம்பர் மாதம் வந்தால் அத்தனை தோட்டக்காரர்களும் புது ஒயினோடு இவர் வீட்டு மேஜைக்குத்தான் வருவார்கள். இவர் மோந்து பார்த்துத் தலையை ஆட்டினால் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஆட்டாவிட்டால் வீட்டில் சண்டை. முப்பது வருஷமாக ஊர்த்தலைவருக்குக்கூட அந்தத் தலைக்கு உள்ள மரியாதை இல்லை.

"நான் அவனைப் போன்னு சொன்னேன். அவன் போறான். அவ, 'அவன் போனா நானும் போறேன்'னுட்டா." ஆன்செல்ம் கிளாஸைப் பார்த்துப் பேசினார். "பன்னெண்டு மணிக்குக் கிளம்பறாங்க. அதுக்குள்ள, அவன்தான் செஞ்சான்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அவளுக்குக் கண்ணு தொறக்கும். ஒரே பொண்ணு, மதாம். அஞ்சாவது தலைமுறை. அவ போயிட்டா இந்தத் தோட்டத்தை எவன்கிட்ட குடுப்பேன்? நான் செத்தா கதவைச் சாத்தவும் ஆள் இல்ல."

அதைச் சொல்லிவிட்டு இடுப்புச் சாவியோடு எழுந்தார்.

நிலவறைக்கு அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒதில் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள். இருபத்திரண்டு படிகள். கீழே போகப் போக ஜூன் மாதம் முடிந்து மார்ச் மாதக் குளிர் ஆரம்பித்தது. தரையில் பருக்கைக் கல். ஆறு பீப்பாய்களும் வரிசையாகப் படுத்திருந்தன. நான்காவதன் நெற்றியில் சாக்கட்டியால் ஒரு சிலுவைக் குறி.

ஃபிர்மேன் அதன் தக்கையைத் தட்டி எடுத்தான். குனிந்தான். நிமிர்ந்தான்.

"ரெண்டு கீரைத்தண்டு இருந்தா சாலட் ரெடி, மதாம்."

"மத்ததெல்லாம்?"

"தொட வேண்டாம்னு கதவிலேயே கிழவரோட மக எழுதி ஒட்டியிருக்காங்க. நான் பொண்டாட்டி இல்லாதவன், ஆனாலும் அந்தக் கையெழுத்தைப் பாத்தா பயமா இருக்கு."

ஒதில் பீப்பாயை விட்டுவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். பீப்பாய் மரம் சும்மா இருக்காது. வாரத்துக்கு ஒரு மிடறு ஒயினைத் தானே குடித்துவிடும். அந்த இடத்தில் காற்று உட்காராமல் வாராவாரம் ஒயின் ஊற்றி நிரப்ப வேண்டும். அதற்கென்றே மூலையில் பிரம்புக் கூடை போட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகள் நான்கு. மூன்று கழுத்துவரை நிறைந்திருந்தன. ஒன்று காலி. நன்றாகக் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இதைக் கழுவினவர் சுத்தக்காரர்" என்றாள் ஒதில்.

"தோட்டக்காரங்க எல்லாருமே அப்படித்தான். குளிக்க மறந்தாலும் குடுவையைக் கழுவ மறக்க மாட்டாங்க."

"தக்கையைக் கழுவுவாங்களா?"

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் அந்தக் குடுவையின் தக்கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒதில் அதைத் தொடவில்லை. ஃபிர்மேனைப் பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டான். அவன் சம்பளத்தில் பாதி மூக்குக்கு என்று அவனுக்குத் தெரியும்.

மோந்தான். தலை தானாகப் பின்னால் போய் வளைவுக் கல்லில் இடித்தது.

"வினிகர், மதாம். சுத்தமான, கலப்படமில்லாத வினிகர். எங்கப்பாவோட நாய் இதை மோந்திருந்தா அன்னிக்கே வேலையை ராஜினாமா பண்ணியிருக்கும்."

"அப்ப வெளியிலேர்ந்து யாரும் வினிகர் கொண்டுவரல. குடுவையில இருந்த ஒயினே வினிகரா மாறியிருக்கு. அதை எடுத்துப் பீப்பாயில ஊத்தியிருக்காங்க."

"ஊத்தினது…" ஃபிர்மேன் நிறுத்தினான். மேலே படிக்கட்டைப் பார்த்தான். "சனிக்கிழமை நானே நிரப்பினேன்னு அவர் வாயாலேயே சொன்னாரே."

"சொன்னார்" என்றாள் ஒதில். "வா. மெத்தைக்காரனைப் பாப்போம்."

கியேம் ஆறடி ஆள். பேச்சை அளந்து எடுப்பவன். மெத்தையைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னான்.

"அந்தக் குடுவையா? ஈஸ்டர்லேர்ந்தே பாதிதான் இருந்துச்சு. பாதிக் குடுவையில காத்து நிக்கும், கெட்டுப்போகும். சின்ன பாட்டில்கள்ல மாத்திடலாம் மாமான்னு சொன்னேன். 'போர்தோக்காரன் எனக்கு ஒயின் சொல்லித் தரியா'ன்னாரு. அதோட விட்டுட்டேன். அந்தப் பக்கமே போகல."

"புதன்கிழமை இதை ஏன் சொல்லல? சொல்லியிருந்தா உங்க மேல பழி வந்திருக்காதே" என்றான் ஃபிர்மேன்.

கியேம் அவனை விநோதமாகப் பார்த்தான். "அவர் ஊத்தறதுக்கு முன்னாடி மோந்து பாத்திருப்பாரே. சின்னப் பசங்ககூட கிளாஸ்ல ஒரு சொட்டு விட்டு மோந்துட்டுதான் ஊத்துவாங்க. அவர் மோந்து நல்லா இருந்துச்சுன்னா, நல்லாதான் இருந்திருக்கும். அப்புறம் எவன் உள்ள புகுந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வினிகர் ஊத்தினது நீங்கதான்ங்கறாரு. அவர் மூக்கு மேல இன்னமும் நம்பிக்கையா?"

"அந்த மூக்கை நம்பித்தானே போர்தோவை விட்டுட்டு இங்க வந்தேன்" என்று சொல்லி மெத்தையை வேனுக்குள் தள்ளினான்.

பிளாந்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கேள்விக்குக் காத்திருக்காமல் பேசினாள்.

"எங்க அப்பா மூக்கு பொய் சொல்லாது. என் புருஷன் வாய் பொய் சொல்லாது. ரெண்டும் உண்மைன்னா இந்த வீட்டுல நான் எங்க நிக்கறது? அதான் போறேன். பன்னெண்டு மணிக்கு. எழுதிக்கங்க."

ஃபிர்மேன் எழுதிக்கொண்டான்.

கிணற்றடிக்கு வந்ததும் மதாமின் கையைப் பிடித்து நிறுத்தினான். "கேஸ் முடிஞ்சுது. கிழவர்தான். குடுவை கெட்டுப்போனது அவருக்குத் தெரியும். தெரிஞ்சே ஊத்திட்டு மருமகன் தலையில கட்டிட்டாரு. நமக்குக் குடுத்த ஒயினைப் பாத்தீங்கல்ல? ஆளு கல்நெஞ்சக்காரர். துப்பறிய வந்தவங்களுக்குத் தக்கை நாத்தம் புடிச்ச பாட்டிலைத் தொறந்தாரு. நீங்க பாவம், அக்கேசியான்னீங்க."

"மருமகன் மேல பழி போடணும்னா, மருமகன் பொறுப்புல அஞ்சு பீப்பா இருக்கே. அதுல ஒண்ணுல ஊத்தலாமே. தன்னோடதுல எதுக்கு ஊத்தினாரு?"

ஃபிர்மேன் நோட்டைத் திறந்தான். மூடினான்.

"சந்தேகம் வராம இருக்க?" என்றான், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"ஒரு சொட்டு சிந்தினா தரையைத் திட்டற பரம்பரை, ஃபிர்மேன். முன்னூறு பாட்டில் குரோஷெத்தைக் கைதவறியும் கெடுக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் திரும்பி பிளாந்தினிடம் போனாள். காதோடு காதாக ஏதோ சொன்னாள். பிளாந்தின் புருவத்தைச் சுருக்கி, முடியாது என்று தலையாட்டினாள். ஒதில் மறுபடியும் ஏதோ சொன்னாள். பிளாந்தின் கயிற்றை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். என்ன பேசினார்கள் என்று ஃபிர்மேனுக்குக் கேட்கவில்லை. அவனுடைய காது மூக்கு அளவுக்கு இல்லை.

பதினொன்றரைக்குச் சமையலறையில் உட்கார்ந்தார்கள். சமைக்க ஆள் இல்லாததால் ஆன்செல்ம் தானே மேஜை போட்டிருந்தார். ரொட்டி, கொத்துமல்லி மாதிரி ஒரு பச்சிலை போட்டு உறைய வைத்த பன்றித்தொடை, ஒரு ஜாடி கடுகு விழுது. அந்த விழுதை அவர் இறைச்சித் துண்டின்மேல் கொத்தனார் சுவர் பூசுகிற மாதிரி பூசினார். அதில் கால்வாசி பூசினாலே ஃபிர்மேன் அம்மாவைக் கூப்பிட்டிருப்பான். கிழவர் கண்ணில் நீர் வழிய வழிய நிதானமாக மென்றார்.

"இந்த வருஷம் கடைக்காரன் கடுகு நல்லா பண்ணியிருக்கான்" என்றார்.

பிளாந்தின் ஒரு தட்டு நிறைய கூஜேரை, அதுதான், சீஸ் போட்டுச் சுடும் உருண்டைகளை, ரொட்டி சுடும் அடுப்புக்குள் தள்ளி மூடினாள். "சூடு வச்சிருக்கேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். அடுப்பு ஆன்செல்மின் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது.

"சனிக்கிழமை என்ன பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க, முசியே. மெதுவா" என்றாள் ஒதில்.

ஆன்செல்முக்கு அது பிடித்த விஷயம். சாவியை எப்படித் திருப்புவார் என்பதிலிருந்து ஆரம்பித்தார். எந்தப் படியில் எந்தக் கால். குடுவையை எந்தக் கக்கத்தில் இடுக்குவார். இதற்குள் கூஜேர் வாசனை எழுந்தது. வெண்ணெயும் சீஸும் சேர்ந்து உருகும் நல்ல வாசனை. ஃபிர்மேன் வயிறு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்புறம் கிளாஸ்ல ஒரு சொட்டு. தூக்கிப் பிடிச்சு, ஒரு சுத்து சுத்தி, இப்படி…" கிழவர் காலிக் கிளாஸை எடுத்து மூக்கருகே பிடித்துக் காட்டினார். "அம்பது வருஷம், மதாம். மோந்து பாக்காம ஒரு சொட்டு ஊத்தினதில்ல."

நல்ல வாசனை முடிந்து பழுப்பு வாசனை வந்தது. ஃபிர்மேன் மதாமைப் பார்த்தான். மதாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூக்குதான் எல்லாம். நாக்கு வேலைக்காரன், மூக்குதான் எஜமான். மூக்கு இல்லாதவன் ஒயின் பண்ணக்கூடாது, போய் எருமை மேய்க்கலாம்."

பழுப்பு கறுப்பானது. சீஸ் தீய்ந்தால் அதில் ஒரு தனிக் கொடுமை உண்டு, செருப்பைத் தீயில் போட்ட மாதிரி. ஃபிர்மேன் எழுந்தான். மதாமின் குதிகால் அவன் காலின்மேல் இறங்கியது. உட்கார்ந்தான். கண் எரிந்தது. ஜன்னல் கட்டையில் படுத்திருந்த பூனை எழுந்து, அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே குதித்துப் போனது.

"அந்தப் போர்தோக்காரங்களுக்கு மூக்கே கிடையாது" என்றார் ஆன்செல்ம்.

"முசியே, அடுப்புல கூஜேர் எப்படி இருக்கு?" என்றாள் ஒதில்.

அவர் திரும்பவில்லை. தலையை லேசாக உயர்த்தினார். நாசி விரிந்தது. நவம்பரில் ஊரே காத்திருந்து பார்க்கும் அதே முகம், அதே நிதானம்.

"இன்னும் அஞ்சு நிமிஷம். பொன்னிறம் வரட்டும்."

ஃபிர்மேனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்துபோய் அடுப்பைத் திறந்தான். தட்டில் பதினாறு கரிக்கட்டைகள். புகை ஒரு பந்தாகக் கிளம்பிக் கூரையைத் தொட்டது.

ஆன்செல்ம் அப்போதுதான் திரும்பினார். கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் ஒதில்.

ஆன்செல்ம் கையிலிருந்த காலிக் கிளாஸை மேஜையில் வைத்தார்.

"பிப்ரவரி" என்றார். "காய்ச்சல் வந்துச்சு. ஒரு வாரத்துல எல்லாம் திரும்பி வந்துச்சு. இது வரல. திஜோன்ல ஒரு டாக்டர், காத்திருங்கன்னாரு. காத்திருக்கேன்."

"காலையில எங்களுக்குத் தொறந்த பாட்டில் தக்கை கெட்டது. நீங்க எங்களை அவமானப்படுத்தறீங்கன்னு என் ஆளு நினைச்சான். ஆனா நீங்களும் ரெண்டு கிளாஸ் குடிச்சீங்க. தன்னையே யாரும் ரெண்டு தடவை அவமானப்படுத்திக்க மாட்டாங்க."

"நீங்க அக்கேசியான்னீங்களே."

"நான் சொன்னேன், நீங்க ஆமான்னீங்க. புதன்கிழமை உங்க மக வினிகர்னா, ஆமான்னீங்க. நாலு மாசமா, யாராவது முதல்ல சொல்லட்டும்னு காத்திருந்துட்டு ஆமாங்கறீங்க. சனிக்கிழமை நிலவறையில சொல்றதுக்கு ஆள் இல்ல."

ஃபிர்மேன் மெல்லக் கேட்டான்: "உங்க மூக்கடைப்பு, மதாம்?"

"செவ்வாய்க்கிழமையே சரியாயிடுச்சு. கைக்குட்டை கையில இருந்தா எதிர்ல இருக்கறவங்க கொஞ்சம் அசந்து இருப்பாங்க."

ஆன்செல்ம் இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் வேறெங்கோ போய்விட்டிருந்தார். சனிக்கிழமைக்கு.

"மோந்து பாத்தேன், மதாம்" என்றார். "ஒண்ணும் தெரியல. கெட்ட வாசனை எதுவும் தெரியலையேன்னு நினைச்சேன். அப்ப நல்லாத்தான் இருக்கும்னு…" கையைப் பார்த்தார். "அப்ப ஊத்தினது நானா?"

அவருக்கு அதுவரை உண்மையிலேயே தெரியாது. ஃபிர்மேன் அந்த முகத்தைப் பார்த்தான். கிணற்றடியில் தான் சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது.

வெளியே வேனின் பின்கதவு சாத்தப்பட்டது. கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம்.

"மதாம்" என்றார் கிழவர். "நீங்க எழுதிக் குடுக்கறதுல… யாருன்னு கண்டுபிடிக்க முடியலைன்னு எழுதலாமா?"

"எழுதலாம். நான் முழு ஃபீஸ் வாங்கிட்டுப் போயிடுவேன். அவங்க போர்தோவுக்குப் போயிடுவாங்க."

"ஊருக்குத் தெரிஞ்சா நவம்பர்ல ஒருத்தன் என் முன்னாடி கிளாஸ் வைக்க மாட்டான்."

"வைக்க மாட்டாங்க" என்றாள் ஒதில். பொய் சொல்லி ஆறுதல் தருவது அவளுக்கு வராது. "நாலு மாசமா நீங்க மறைச்சதுக்கு விலை ஒரு பீப்பாயோட போச்சு. இன்னும் மறைக்கணும்னா விலை முற்றத்துல நிக்குது."

இன்ஜின் உயிர்பெற்றது. ஆன்செல்ம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கிளாஸையும், பீப்பாயிலிருந்து ஒயின் உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழலையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஒதிலும் ஃபிர்மேனும் வாசலில் நின்றுகொண்டார்கள்.

அவர் வேனின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைக் குழலால் தட்டினார். கியேம் கண்ணாடியை இறக்கினான்.

"இறங்கு."

"போலீஸ்ல சொல்றதுன்னா சொல்லிக்குங்க மாமா. நான் எங்க இருப்பேன்னு விலாசம் எழுதி—"

"வினிகரை ஊத்தினது நான்."

பக்கத்து இருக்கையில் பிளாந்தின் முன்னால் சாய்ந்தாள்.

"மீதி அஞ்சு பீப்பா இருக்கு. அந்தக் குடுவையிலேர்ந்து அதுல எதுலயாவது ஊத்தினேனான்னு எனக்கு இப்ப நிச்சயமா சொல்லத் தெரியல. நீ வந்து மோந்து பாத்துச் சொல்லணும்."

"நீங்க இருக்கும்போது நான் எதுக்கு மாமா?"

"எனக்கு மூக்கு போயிடுச்சு!"

கத்தித்தான் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜமுக்காளம் உதறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் உதறுவதை நிறுத்தினாள். மெர்சினிக்கு இனி செய்தித்தாள் தேவையில்லை. ஆன்செல்மும் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே தொடர்ந்தார்.

"பிப்ரவரிலேர்ந்து. ரோஜாவும் தெரியல, சாணியும் தெரியல. நீ ஈஸ்டர்லயே சொன்னே. நீ சொன்னதுதான் சரி. நான் உன் மேல பழி போட்டுட்டேன். இறங்குடா."

அந்த 'டா' அவர் வாயிலிருந்து மருமகனுக்கு வந்த முதல் 'டா'. மூன்று வருஷமாக 'போர்தோக்காரன்'தான். பிளாந்தின் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அடங்கியது. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு அவளே முதலில் இறங்கினாள்.

எல்லாரும் நிலவறைக்கு இறங்கினார்கள். கியேம் முதல் பீப்பாயில் குழலை விட்டு எடுத்துக் கிளாஸில் விட்டான். மோந்தான். தலையை ஆட்டினான். இரண்டு. மூன்று. நான்காவதைத் தாண்டினான். ஐந்து. ஆன்செல்ம் கிளாஸைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஊர் தன்னை எப்படிப் பார்த்தது என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும். ஆறாவதில் கியேம் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். கிழவர் ஓரடி முன்னால் வந்தார். பிளாந்தின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு, மாமா. அஞ்சும் நல்லா இருக்கு."

ஆன்செல்ம் மூச்சை விட்டார். உடனே கோபம் வந்தது.

"நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? நல்லா இருக்குன்னு நாய்க்குட்டியைச் சொல்லுவாங்க. என்ன வாசனைன்னு சொல்லு."

"பேரிக்காய்."

"அப்புறம்?"

"ஹேசல் கொட்டை."

"பச்சையா, வறுத்ததா?"

கியேம் மறுபடி மோந்தான். அவசரப்படவில்லை.

"வறுத்தது. லேசா."

ஆன்செல்ம் கிளாஸைக் கையில் வாங்கி ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விழுங்க மனமில்லாதவர் போல நின்றார். பிறகு விழுங்கிவிட்டு, கண்ணைத் திறக்காமல் கிளாஸை மருமகன் இருந்த பக்கம் நீட்டினார்.

"நிறுத்தாத. இன்னும் சொல்லு."